வன்னியும் வேலிகாத்தானும்: வேப்பூர் வட்டாரத்திலிருந்து ஒரு முள்மரத்தின் வரலாறு

வெள்ளிக்கிழமைகளில் வேப்பூர் விடியுமுன்பே விழித்துக்கொள்கிறது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும் விருத்தாசலத்திலிருந்து சின்னசேலம் வழியாகச் சேலம் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இவ்வூரில் வாரந்தோறும் கூடும் ஆட்டுச் சந்தை, தமிழகத்தின் பெயர்பெற்ற சந்தைகளுள் ஒன்று. தீபாவளி, பொங்கல், பக்ரீத் நாள்களுக்கு முந்தைய வாரங்களில் வெளிமாவட்ட வியாபாரிகள் வண்டி வண்டியாக வந்திறங்குவர். சென்ற கோடையில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாமும் அச்சந்தைக்குச் சென்றிருந்தோம். வட்டார வழக்குச் சொற்களைத் தொகுப்பதே அன்றைய நோக்கம். ஆட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லும் முறைக்கும், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் முறைக்கும் உரிய சொற்களைக் குறித்துக்கொண்டிருந்தோம்.

அப்போது ஆடு விற்க வந்திருந்த முதியவர் ஒருவரிடம், ‘கோடையில் ஆட்டுக்கு என்ன தீனி, பெரியவரே?’ என்று ஒரு மாணவர் கேட்டார். ‘வேலிகாத்தான் காய்தான்’ என்றார் அவர். ‘அதை அரசாங்கம் வேரோடு எடுக்கச் சொல்கிறதே?’ என்றோம் நாம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: ‘வெட்டிப்புட்டா வெயில் காலத்துல ஆட்டுக்கு எத சார் போடறது? வெட்டாம உட்டா ஏரியில தண்ணி நிக்க எடம் ஏது? ரெண்டுக்கும் நீங்களே ஒரு வழி சொல்லுங்க.’

அன்று நம்மிடம் விடை இல்லை. சந்தையிலிருந்து திரும்பும்போது சாலையின் இருமருங்கிலும், ஏரிக்கரைகளிலும், வறண்டு கிடந்த ஓடைகளிலும் அந்த மரமே நின்றது. இது எப்போது வந்தது? யார் கொண்டுவந்தார்? எதற்காக? இவற்றைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை. தேடப் புகுந்தபோது ஒரு மரத்தின் கதையோடு, மழை பொய்த்த இரு காலங்களின் கதையும் சேர்ந்தே கிடைத்தது.

இரண்டு மரங்கள்

வேப்பூருக்குக் கிழக்கே மணிமுத்தாற்றின் கரையில் அமைந்தது விருத்தாசலம். இன்று பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற இவ்வூரைத் தேவாரம் திருமுதுகுன்றம் என்று வழங்கும். பழமலை என்பதும் இதன் பெயரே. பழமலைநாதர் கோயிலின் தலமரம் வன்னி.

கோயில் எழுந்தபோது நடந்ததாக ஒரு தலபுராணச் செய்தி உண்டு. திருப்பணி செய்வித்த விபசித்து முனிவர், மாலையில் வேலையாள்களுக்கு வன்னி மரத்தின் இலைகளை உருவிக் கொடுப்பாராம். அவரவர் செய்த வேலைக்கு ஏற்ப அந்த இலைகள் பொன்னாக மாறுமாம். உழைத்தவன் கையில் பொன். உழையாதவன் கையில் வெறும் இலை. இக்கதையை நாம் மீண்டும் நினைக்க வேண்டியிருக்கும்.

வன்னிக்குத் தாவரவியலார் இட்ட பெயர் புரோசோபிஸ் சினரேரியா. வேலிகாத்தான் என்று நம் பக்கத்திலும், சீமைக்கருவேலம் என்று தமிழகம் முழுவதிலும், சீமைக்கருவை என்று தெற்கிலும் அழைக்கப்படும் முள்மரத்தின் பெயர் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. ஆம், இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தன. 2022ஆம் ஆண்டில்தான் அமெரிக்கக் கண்டத்து மரங்களைப் பெரும்பாலும் நெல்டூமா என்னும் தனிப் பேரினமாகத் தாவரவியலார் பிரித்தனர். உடன்பிறந்தார் என்று எண்ணியிருந்தவர் தூரத்து உறவினராயினர்.

உறவு எதுவாயினும் குணம் வேறு. வன்னி மெல்ல வளரும். வேரை ஆழத்தில் செலுத்தும். தன் நிழலில் பயிரை வாழவிடும். இராசத்தான் உழவர்கள் இம்மரத்தை வயலின் நடுவே நிறுத்தி, அதன் அடியில் கம்பு விதைக்கிறார்கள். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி. காய் மனிதருக்குக் கறி. வேலிகாத்தானோ விரைந்து வளரும், அடர்ந்து புதராகும், தன்னடியில் வேறொன்றை எளிதில் முளைக்கவிடாது. இதன் இலையை ஆடுமாடுகள் விரும்பித் தின்பதில்லை. ஆனால் இனிப்பான காயை விரும்பித் தின்கின்றன. கெட்டியான விதைகள் பல குடலில் செரிக்காமல், முளைப்பதற்கு இன்னும் தகுதிபெற்று, சாணத்தோடும் புழுக்கையோடும் போய் விழுகின்றன. ஆடு எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கெல்லாம் மரமும் நடக்கிறது. ஆட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற வட்டாரத்தில் இம்மரம் செழித்திருப்பதில் வியப்பில்லை.

சீமை என்னும் அடைமொழி

தமிழ்ச் சொற்களுக்குள் வரலாறு படிந்து கிடக்கும். கடல் கடந்து வந்தவற்றுக்கெல்லாம் நம் மக்கள் ‘சீமை’ என்னும் அடைமொழியைச் சேர்த்தனர். சீமை ஓடு, சீமை எண்ணெய், சீமைப் பசு, சீமை அகத்தி. நம் மண்ணில் ஏற்கெனவே கருவேலம் இருந்தது. ஏரிகளுக்குள் நின்று, கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் கட்டை தந்த மரம் அது. புதிதாக வந்தது அதனைப்போலவே முள்ளோடு இருந்ததால் சீமைக்கருவேலம் ஆயிற்று. வேலியாக நட்டதால் வேலிகாத்தான் ஆயிற்று. முதற்பெயர் அது வந்த வழியைச் சொல்கிறது. இரண்டாம் பெயர் அதனை நாம் வரவேற்ற காரணத்தைச் சொல்கிறது.

இம்மரம் 1950களில் வந்தது என்பது பரவலான நம்பிக்கை. அன்றைய ஆட்சியாளரைக் குறை சொல்வாரும், அயல்நாட்டுச் சதி என்பாரும் உளர். ஆவணங்கள் காட்டும் காலமோ அதற்கு முக்கால் நூற்றாண்டு முந்தையது. 1876ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலர்களுள் ஒருவரும் தாவரவியல் அறிஞருமான பெட்டோம், வறண்ட நிலங்களில் நடுவதற்கு இம்மரத்தின் விதைகளைத் தருவிக்குமாறு வருவாய்த்துறைக்கு எழுதினார். மறு ஆண்டு ஜமைக்காவிலிருந்து விதைகள் வந்தன. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் அவை நடப்பட்டன.

1876-77. தமிழாண்டுக் கணக்கில் அது தாது வருடம்.

தாது வருடத்து விதை

தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டன்மாரின் பாட்டன்மார் கண்டனர். பருவமழை பொய்த்தது, கிணறுகள் வற்றின, கால்நடைகள் மடிந்தன. 1876 முதல் 1878 வரை இந்தியாவில் அப்பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் இறந்தோர் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என்பது மதிப்பீடு. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்திற்கு மாறாக வெப்பமுறும் ‘எல் நினோ’ என்னும் நிகழ்வு அந்த ஆண்டுகளில் மிகக் கடுமையாக இருந்தது என்பதை இன்றைய வானிலை அறிஞர்கள் அறிவர். அந்நிகழ்வு மூண்ட காலத்தில் இந்தியாவில் மட்டுமன்றிச் சீனத்திலும் பிரேசிலிலும் பஞ்சம் வந்தது.

பஞ்சத்திற்காகவே மரம் தருவிக்கப்பட்டது என்று நாம் சொல்லவரவில்லை. பெட்டோமின் கவலை விறகு பற்றியது. மரமற்ற வறள்நிலம் பற்றியது. புகைவண்டிகள் காடுகளை விறகாக எரித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆயினும் பின்னணி ஒன்றே. மழையில்லாமலும் வளரும் மரம் ஒன்று வேண்டும் என்ற ஏக்கம், மழையில்லாத ஆண்டில் எழுந்தது. அந்த ஏக்கத்திற்கு விடையாகவே விதை கப்பலேறியது. விடுதலைக்குப் பின்னரும் வறண்ட மாவட்டங்களில் விறகுக்காகவும் வேலிக்காகவும் இம்மரம் பரப்பப்பட்டது. மக்கள் நினைவில் நிற்பது இந்த இரண்டாம் அலையே.

அது தந்த விறகைக் குறைத்து மதிப்பிடலாகாது. இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் பல. அடுப்புக்கும் செங்கற்சூளைக்கும் குயவர் சூளைக்கும் அது எரிபொருளாயிற்று. நிலமற்ற ஏழைப்பெண் யாரிடமும் கைகட்டி நிற்காமல் வெட்டிக்கொள்ளக்கூடிய ஒரே மரமாகப் பல ஊர்களில் அதுவே இருந்தது. இம்மரத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்த வரியை விட்டுவிட்டால் அது பாதி வரலாறே ஆகும்.

அதற்கும் முன்பே ஒரு கள்ளி

கொண்டுவந்தது எதிர்பார்த்தபடி நடக்காது என்பதைச் சென்னை முன்பே ஒருமுறை கண்டிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவுக்கு மிக உயர்ந்த சிவப்புச் சாயம் மெக்சிகோவிலிருந்து கிடைத்தது. கொச்சினீல் என்னும் அச்சாயம் சப்பாத்திக்கள்ளியின்மீது வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து எடுக்கப்படுவது. அவ்வணிகம் இசுபானியரின் கையில் இருந்தது. அதனை உடைக்க விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780களில் முயற்சி தொடங்கினார். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்று எழுந்தது. 1795இல் நீல்சன் என்னும் கப்பல் தலைவர் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆனால் வந்தது தரம் குறைந்த வகை. சாய வணிகம் தழைக்கவில்லை.

சாயம் போயிற்று, கள்ளியும் பூச்சியும் எஞ்சின. அப்பூச்சி ஒருவகைக் கள்ளியைத் தின்று அழித்தது; மற்றொரு வகையை அது தீண்டவில்லை. தீண்டப்படாத அந்த வகை தென்னிந்தியாவின் மேய்ச்சல் நிலங்களை வளைத்துக்கொண்டது. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சியைத் தருவித்து விட்ட பிறகே அது அடங்கியது. பூச்சியைக் கொண்டு களையை வென்ற உலகின் தொடக்ககால வெற்றிகளுள் இதுவும் ஒன்று. முதற்பூச்சிக்கும் இரண்டாம் பூச்சிக்கும் இடையே நூற்று முப்பது ஆண்டுகள். தவறைச் செய்ய ஒரு கப்பல் பயணம் போதும். திருத்த நான்கு தலைமுறை வேண்டும்.

பிற நிலங்களில் அதே மரம்

வேலிகாத்தானுக்குத் திரும்புவோம். ஒரே மரம் வெவ்வேறு நிலங்களில் வெவ்வேறு முகம் காட்டியிருக்கிறது.

இராசத்தானில் வன்னியின் பெயர் கேஜ்ரி. 1730ஆம் ஆண்டில் சோத்பூருக்கு அருகே கேஜர்லி என்னும் ஊரில், அரண்மனைப் பணிக்காகக் கேஜ்ரி மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தாதேவி என்னும் பெண்மணி மரத்தைத் தழுவி நின்று உயிர்விட்டார். அவரைத் தொடர்ந்து பிஷ்னோய் மக்கள் மடிந்தனர்; மொத்தம் 363 பேர். அதே சோத்பூர் அரசு 1940இல் சீமைக்கருவேலத்தை அரச மரியாதைக்குரிய மரமாக அறிவித்து அதற்குப் பாதுகாப்பு அளித்தது. இருநூறு ஆண்டு இடைவெளியில் ஒரே மண்ணில் நிகழ்ந்தவை இவை. குடிகள் உயிர்கொடுத்துக் காத்தது வன்னியை; அரசு ஆணையிட்டுக் காத்தது வேலிகாத்தானை.

குசராத்தின் கச்சுப் பகுதியில் பன்னி என்னும் பெரும்புல்வெளி இருக்கிறது. உப்புநிலமாகிய ரண் பரவாமல் தடுக்க 1961 முதல் வனத்துறை அங்கு இம்மரத்தை நட்டது. உப்பைத் தடுக்க வந்த மரம் புல்வெளியைப் பெருமளவு மூடியது. எருமை மேய்த்து வாழும் மால்தாரி மக்கள் புல்லைத் தேடி அலைய நேர்ந்தது. ஆப்பிரிக்காவின் கென்யாவில் பாரிங்கோ ஏரிப்பகுதியில் 1980களில் விறகுக்காக இது நடப்பட்டது. 2006இல் அப்பகுதி மக்கள் நீதிமன்றம் ஏறியபோது, இனிப்புக் காயைத் தின்று தின்று பல்லிழந்த ஓர் ஆட்டையே சான்றாகக் கொண்டுசென்றனர். அச்செய்தியைப் படித்தபோது, ஆட்டின் பல்லைப் பார்த்து விலை சொல்லும் வேப்பூர்ச் சந்தையை நினையாமல் இருக்க இயலவில்லை.

மூன்று நிலங்களிலும் வரிசை ஒன்றே. முதலில் வறட்சி, அதற்கு விடையாக மரம், பின்னர் மரமே சிக்கல்.

ஏரி ஏன் இடம் கொடுத்தது?

நம் வட்டாரம் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுத்தாறும், தெற்கே வெள்ளாறும், அவற்றைச் சார்ந்த ஏரிகளும் குளங்களுமே அம்மழையைத் தேக்கிவைக்கும் கலங்கள். நீர் நிறைந்த ஏரியில் வேலிகாத்தான் எளிதில் வேரூன்றுவதில்லை. ஆண்டுக்குச் சில மாதம் நீர் நின்று, ஆண்டுதோறும் மதகும் வரத்துக்காலும் செப்பனிடப்பட்டு, வண்டலை உழவர்கள் வயலுக்கு அள்ளிச்சென்ற காலத்தில், முளைத்த கன்று அந்த ஆண்டே பிடுங்கப்பட்டிருக்கும். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். ஊரார் கூடிச் செய்த அந்த வேலை காலனிய ஆட்சியில் தளர்ந்தது. 1858இல் அதனைச் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்த முயன்றதே தளர்ச்சிக்குச் சான்று. பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. தன் நிலத்திலேயே நீர் கிடைத்தவனுக்கு ஏரியைப் பற்றிய கவலை குறைந்தது. கவனிப்பாரற்ற ஏரிக்குள் மரம் நுழைந்தது.

ஆகவே மரம் வந்ததால் ஏரி கெட்டது என்பது முழு உண்மையன்று. ஏரியை நாம் கைவிட்டோம். கைவிட்ட இடத்தில் மரம் குடியேறியது. குடியேறிய மரம் ஏரியை மேலும் கெடுத்தது. முதல் அடியை மறந்துவிட்டு மூன்றாம் அடியை மட்டும் பேசுவது எளிது.

2016இல் வடகிழக்குப் பருவமழை அறுபது விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது. 2017 சனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அதே மாதங்களில்தான் சீமைக்கருவேலத்தின்மீது மக்களின் சினம் உச்சத்தை எட்டியது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மரங்களை அகற்ற ஆணையிட்டது. ஆட்சியர்கள் முதல் கல்லூரி மாணவர்கள் வரை களமிறங்கினர். அவ்வாண்டு மே மாதத்தில், சூழலியல் விளைவுகளை ஆராய்ந்த பின்னரே அகற்ற வேண்டும் என்ற வாதத்தின்பேரில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே அரசு ஒரு திட்டத்தையும் அவ்வாண்டு தொடங்கியது. 2022இல் அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கெனத் தமிழக அரசு தனிக்கொள்கை வகுத்தது. அகற்றுதலோடு மீட்டெடுத்தலும் அதில் இடம்பெற்றது நல்ல திருப்பம்.

அந்நாள்களில் பரவிய செய்திகள் சிலவற்றையும் குறிப்பிட வேண்டும். இம்மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையை வரவிடாமல் தடுக்கிறது என்றனர். அதற்கு அறிவியல் சான்று இல்லை. நிலத்தடி நீரை இதன் வேர் வெகு ஆழம்வரை தேடிச்செல்லும் என்பது உண்மை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு சுரங்கத்தை வெட்டியபோது இதன் உறவு மரம் ஒன்றின் வேரை ஐம்பது மீட்டருக்கும் கீழே கண்டனர். உண்மையான குற்றச்சாட்டே போதிய வலிமையோடு இருக்கையில் பொய்க் குற்றச்சாட்டு எதற்கு? பெருங்கடல் வெப்பத்தாலும் பருவக்காற்றின் போக்காலும் பொய்த்த மழைக்கு, ஏரிக்குள் நின்ற மரத்தைக் குற்றவாளியாக்கினோம்.

சுந்தரர் முதுகுன்றத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் சொல்வதற்கு வேராக இதனைக் காட்டுவர். அவருக்குக் கிடைத்தது அருளால். நாம் வேறெங்கோ தொலைத்த மழையை மரத்தின் வேரடியில் தேடினால் கிடைக்குமா?

வானம் மாறுகையில்

நம் வட்டாரம் அண்மைக்காலத்தில் கண்டவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியது. பல்லாண்டு வளர்ந்த முந்திரியும் பலாவும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. 2015 நவம்பரில் பெருவெள்ளம். 2016இல் கடும் வறட்சி. தனித்தனி நிகழ்வு ஒவ்வொன்றையும் புவி வெப்பமாதலின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் வெப்பமடையும் உலகில் மழை பெய்தால் கொட்டித் தீர்ப்பதும், பொய்த்தால் முற்றாகப் பொய்ப்பதும் மிகும் என்பது அறிவியலார் துணிபு. இத்தகைய ஏற்ற இறக்கத்தில் முதலில் தோற்பது மெல்ல வளரும் மரமும் பழகிய பயிரும். வெல்வது எதையும் தாங்கி விரைந்து பெருகும் வந்தேறி.

2018இல் அப்படியொரு வந்தேறி நம் வயலுக்கே வந்தது. வேப்பூர், திட்டக்குடிப் பகுதிகளிலும் அடுத்துள்ள பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலும் மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் பெரும்பயிர். நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தேவை இதற்கு ஒரு காரணம். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்காப் பகுதியில் கண்டறியப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் நம் சோளக்குருத்துகளுக்குள் இருந்தது. அதன் அந்துப்பூச்சி ஓரிரவில் நூறு கிலோமீட்டர்வரை பறக்கவல்லது. குருத்துக்குள் ஒளிந்து தின்னும் புழுவை, மருந்து தெளித்தும் மணலைக் குருத்தில் இட்டும் உழவர்கள் எதிர்த்தனர். அவ்வாண்டு கட்டணம் செலுத்தக் காலம் கேட்டு நம்மிடம் வந்த மாணவர்களில் மக்காச்சோள வீட்டுப் பிள்ளைகள் பலர்.

இப்புழு குளிர்தாங்காதது. அமெரிக்காவின் வடமாநிலங்களில் குளிர்காலத்தில் அது மடிந்து, ஒவ்வொரு கோடையிலும் தெற்கிலிருந்து மீண்டும் பறந்து வரவேண்டும். வெப்பத்தில் முப்பது நாளில் முடியும் அதன் ஒரு தலைமுறை, குளிரில் எண்பது தொண்ணூறு நாள்வரை நீளும். நம் நாட்டிலோ ஆண்டு முழுவதும் அதற்குக் கோடை. வெப்பம் கூடுமிடமெல்லாம் அதன் தலைமுறைகளும் கூடும். காலநிலையும் வந்தேறியும் கைகோக்கும் இடம் இதுவே.

அறிவும் பயணம் செய்கிறது என்பது ஆறுதல். 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவில் சேலம், நாமக்கல் பகுதிகளை வாட்டியது. ஆப்பிரிக்காவில் அதனை முன்பே அடக்கிய சிறு குளவி ஒன்று பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, ஆய்வுக்குப் பின் 2022 மார்ச்சில் வெளிவிடப்பட்டது. நம் வேப்பூர்ச் சாலை மேற்கே சென்று சேரும் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில்தான் அது விடப்பட்டது. 1926இன் பாடத்தை நாம் மறந்துவிடவில்லை.

வந்தோரும் வாழ்வோரும்

இவற்றையெல்லாம் படிப்பவர், அயலிலிருந்து வந்தவை யாவும் தீயவை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. விருத்தாசலத்தின் செம்மண்ணில் நிற்கும் முந்திரி, போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. அவ்வூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் முந்திரியிலும் நிலக்கடலையிலும் வெளியிட்ட ‘விஆர்ஐ’ இரகங்கள் நாடறிந்தவை. நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. மிளகாயும் அப்படியே. படைப்புழு தின்ற மக்காச்சோளமும் அப்படியே. பயிர் முன்னே வந்தது, அதன் பகை பின்னே வந்தது.

2023இல் ஐக்கிய நாடுகள் சார்ந்த பல்லுயிர்ப் பேரவை வெளியிட்ட அறிக்கையின்படி, மனிதர்களால் இடம்பெயர்க்கப்பட்டு வேற்றுநிலத்தில் நிலைபெற்ற உயிரினங்கள் 37,000க்கும் மேல். அவற்றுள் தீங்கு செய்பவை என உறுதிப்பட்டவை 3,500க்கும் சற்று மேல். பத்தில் ஒன்றுகூட இல்லை. முந்திரியை நாம் நட்டோம், கவாத்து செய்தோம், கொட்டையைப் பொறுக்கினோம். ஆண்டுதோறும் அதன்மேல் நம் கை பட்டது. வேலிகாத்தானை விதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டின் உயிரியல் இயல்பும் வேறு என்பது உண்மை. ஆனால் நம் கவனிப்பு வேறாக இருந்ததும் உண்மை.

கூலி

தமிழர் நிலத்தைப் பகுத்தபோது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என மரஞ்செடிகளின் பெயரையே நிலத்துக்கு இட்டனர். பாலைக்குத் தனிநிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தால் பாலை என்னும் வடிவு கொள்ளும் என்றார் இளங்கோவடிகள். பாலையை நிலமாக அன்றி நிலைமையாகக் கண்ட அக்கருத்து இன்று அச்சுறுத்தும் தெளிவோடு விளங்குகிறது. நிலைமை என்றால் அது மாறவும் கூடும் என்பதுதான் அதிலுள்ள நம்பிக்கை.

இனி அந்த முதியவரின் கேள்விக்கு வருவோம். ஏரிக்குள்ளும் வரத்துக்கால்களிலும் நிற்கும் மரங்கள் முதலில் போக வேண்டும், ஐயமில்லை. வெட்டினால் போதாது, அடிமரத்திலிருந்து மீண்டும் தழைக்கும் மரம் இது. வேரைத் தோண்டி எடுத்து, அடுத்து வரும் ஆண்டுகளிலும் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். ஆட்டுக்கும் அடுப்புக்கும் மாற்று வளரும்வரை, கரைக்கு அப்பாலுள்ள தரிசு மரங்களை ஒரே நாளில் அழிக்க வேண்டியதில்லை. காய் முற்றுமுன் வெட்டி விறகாக்கலாம். வெறுமையான இடத்தில் அதே பருவத்தில் வன்னியும் கருவேலமும் வேம்பும் நட வேண்டும். நட்டதை ஆட்டிடமிருந்து மூன்று நான்கு ஆண்டுகளாவது காக்க வேண்டும். இயந்திரம் ஒரு வாரத்தில் முடிக்கும் வேலை இதில் முதற்பகுதி மட்டுமே. எஞ்சியது குடிமராமத்து.

சென்ற மாதம் மீண்டும் பழமலைநாதர் கோயிலுக்குச் சென்று வன்னி மரத்தடியில் சற்று நேரம் நின்றோம். கீழே உதிர்ந்திருந்த சிற்றிலைகள் சிலவற்றை ஒரு மாணவி எடுத்துக் கையில் வைத்துப் பார்த்து, ‘இலையாகத்தானே இருக்கிறது, ஐயா’ என்றாள். ‘நாம் இன்னும் வேலையைத் தொடங்கவில்லையே’ என்றோம்.

வரும் கார்த்திகைக்குள் ஓர் ஏரிக்கரையிலேனும் நூறு வன்னிக் கன்றுகள் நடுவதென மாணவர்கள் முடிவுசெய்திருக்கிறார்கள். நட்ட பின் அவற்றுக்கு ஆடு வராமல் காவலிருக்கச் சந்தையில் கண்ட அந்த முதியவரையே கேட்கலாம் என்பது அவர்கள் எண்ணம். அவர் என்ன சொல்வார் என்பதை அடுத்த வெள்ளிக்கிழமை அறிவோம்.